தலையும் வாலும்

நான்காம் நிலா மாதம் எட்டாம் நாள். கம்வோ ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இடுப்பளவு சேற்றில் நின்று, ஒரு வருடமாகக் குளத்தடியில் புதைந்து கிடந்த டிராகன் படகைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டால் வெடித்துப்போகிற மரம் அது. அதனால் பண்டிகை முடிந்ததும் சேற்றில் போட்டு மூடிவிடுவார்கள். பெண்கள் கரையோடு சரி. பெண்ணின் விரல் பட்டால் அந்த வருடம் படகு கவிழ்ந்துவிடுமாம். ஆகவே மக் யுக்ஹானும் கரையில்தான் நின்றாள். ஊரே படகைப் பார்த்தது. அவள் மட்டும், வெளியே வந்த ஓரத்தைச் செப்பனிடுகிற தச்சரின் உளி பட்டுத் தெறித்த ஒரு சிலாம்பைப் பார்த்தாள். விரலளவு சிலாம்பு. வாளித் தண்ணீரில் விழுந்தது, விழுந்த வேகத்தில் அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது குப்பை. யுக்ஹான் வாளிக்குள் கையை விட்டு அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்தோரு வயது. மரச்சாமான் தொழிற்சாலையில் பலகைகளைத் தரம் பிரிக்கிற வேலை. கட்டையைத் தட்டிப் பார்த்தே அது எந்த மரம், எத்தனை ஈரம் என்று சொல்லிவிடுவாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஏன்மூட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்த வாத்தியாரிடமே ஏன் அந்தப் பெயர் என்று கேட்டு உதை வாங்கியவள் அவள். ஆனால் இந்தச் சிலாம்பை அவள் வெறும் ஆசைக்கு எடுக்கவில்லை. அதில் அவளுடைய கல்யாணம் சிக்கியிருந்தது.

ஆற்றில் மூன்று திருப்பம் தள்ளி செக்தௌ என்று ஓர் ஊர். அங்கே லாம் ஹொய்வா என்று ஒருவன், லிஃப்ட் பழுது பார்ப்பவன். தொழிற்சாலை லிஃப்ட் நடுவழியில் நின்றுபோன ஒரு நாள் உள்ளே யுக்ஹான் இருந்தாள், வெளியே அவன் இருந்தான். கதவு திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் அவள் லிஃப்ட் ஏன் நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் அலுக்காமல் பதில் சொன்னான். அப்படி ஒருவன் கிடைப்பது லேசில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

போன மாதம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அப்பா மக் கன்தோங் வாயிலிருந்த மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "செக்தௌ பையனா? அவன் உனக்கு அண்ணன் முறை ஆகணும்" என்றார். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

கன்தோங் ஊர்ப் படகின் முரசுக்காரர். இருபத்தேழு வருடமாக அவர் அடித்தால்தான் அறுபது துடுப்பும் தண்ணீரில் விழும். முரசுக்காரருக்குத் தெரியாத முறை ஊரில் கிடையாது. எப்போதோ ஒரு வெள்ளத்தில் பெரிய மரம் ஒன்று மிதந்து வந்ததாம். அண்ணனும் தம்பியுமாக அதை இழுத்துக் கரை சேர்த்து, இரண்டாக அறுத்து, ஆளுக்கொரு படகு செய்தார்களாம். அண்ணன் பிள்ளைகள் செக்தௌ, தம்பி பிள்ளைகள் கம்வோ. ஒரே மரத்துப் படகு, ஒரே இரத்தத்து ஊர். இரண்டு ஊரும் பங்காளிகள். பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஐந்தாம் மாதம் மூன்றாம் நாள், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், கம்வோ படகு அண்ணன் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும். அந்த முறையை மீறி மகளைக் கொடுத்தால் கன்தோங் அப்புறம் முரசைத் தொட முடியாது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

சரி, மரம் மிதந்து வந்தது. சிலாம்பு மூழ்குகிறதே. மூழ்குகிற மரம் எப்படி மிதந்து வரும்?

அவள் அன்றைக்கே அப்பாவிடம் கேட்டாள். சேற்றில் ஊறின மரம் மூழ்காமல் பறக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயந்தான். யுக்ஹான் சிலாம்பைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், மரம் உலர்த்துகிற சூட்டறையில் பன்னிரண்டு நாள் வைத்தாள். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில், அப்பாவின் பூசணிக்காய்ச் சூப்பில் அதைப் போட்டாள். டொபுக்கென்று அடியில் போய்விட்டது. கடல் தாண்டிக் கப்பலில் வருகிற இரும்புமரம் அது, எவ்வளவு காய்ந்தாலும் மிதக்காது என்று அவள் சொன்னாள். கன்தோங் கிண்ணத்துக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"கதை பொய்யாவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "முறை பொய்யாகுமா? அண்ணன் தம்பி இல்லேன்னா அவங்களுக்கு நாம யாரு? சும்மா ஒரு ஊர்க்காரனுக்கா வருஷா வருஷம் படகு கட்டிப் போறோம்? யாருன்னு சொல்லு. சொல்லிட்டு அப்புறம் கல்யாணம் பேசு."

சிலாம்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மிச்சச் சூப்பைக் குடித்தார். மனுஷன் எதையும் வீணாக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் ஹொய்வாவிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. பண்டிகை வரைக்கும்தான் அம்மா பொறுப்பாளாம், அப்புறம் வேறு பெண் பார்க்கப் போகிறாளாம். பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம். கேள்வி கேட்பது யுக்ஹானுக்கு எப்போதும் விளையாட்டு மாதிரி. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் தன் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகிவிடும் என்ற பயம் அவளுக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்தது.

ஊரெல்லாம் கேட்டாள். மூலிகைக் கடைக்காரர், ஐந்தாம் மாதமே விஷ மாதம், பாம்பும் தேளும் காய்ச்சலும் கிளம்புகிற மாதம், வாசலில் மாசிபத்திரித் தழை கட்டி நோயை விரட்டத்தான் பண்டிகையே வந்தது, படகெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்றார். பள்ளிக்கூட வாத்தியார் அடிக்க வந்துவிட்டார். நாடு கெட்டுப் போகிறதே என்று ஆற்றில் விழுந்த அந்தப் பழைய மந்திரியைத் தேடித்தான் சனங்கள் படகு விட்டார்கள், மீன்கள் அவர் உடம்பைத் தின்னாமல் இருக்கத்தான் இலையில் சோற்றைக் கட்டிப் போட்டார்கள், இதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் இலைச்சோறு தின்றாய் என்றார். கோயில் காவல்காரர் அந்த இருவர் சொன்னதையும் கேட்டுச் சிரித்தார். மந்திரி பிறப்பதற்கு முன்பே இந்தத் தென்பக்கத்து ஆட்கள் உடம்பில் டிராகனைப் பச்சை குத்திக்கொண்டு ஆற்றைக் கும்பிட்டவர்கள் என்றார். மூன்று பேரும் மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் அவள் இதை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டியிருப்பாள். ஆனால் கம்வோவுக்கு செக்தௌ என்ன முறை என்று மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வம்சாவளிப் புத்தகத்தைக் கேட்டாள். கோயில் காவல்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். கரையான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தது. அங்கே செக்தௌவில் ஹொய்வாவும் கேட்டுப் பார்த்தான். எல்லோரும் அந்த மிதக்காத மரத்தையே மிதக்கவிட்டார்கள்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, கூட வேலை பார்க்கிற லாய்சிம்முக்குக் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாள் மறுவீடு. பெண்ணும் மாப்பிள்ளையும் பெண்ணின் தாய் வீட்டுக்குப் போகும்போது சாமான் தூக்க ஆள் போதவில்லை என்று யுக்ஹானையும் அழைத்தார்கள். அவள் கைக்குக் கரும்பு வந்தது. வேரும் தோகையுமாக முழுசாக இரண்டு கரும்பு, நடுவில் சிவப்புத் தாள் சுற்றியது. தலையும் இருக்கணும் வாலும் இருக்கணும், அப்போதுதான் வாழ்க்கை தொடக்கமும் முடிவுமாக நிறைவாக இருக்கும் என்பார்கள். மாப்பிள்ளையின் தம்பி நெருப்பில் சுட்ட முழுப் பன்றியைத் தூக்கி வந்தான். ஒரு ஜோடிக் கோழி, கீரைக்கட்டு, வெங்காயத்தாள். இதெல்லாம் அவள் நூறு கல்யாணத்தில் பார்த்ததுதான். பார்த்தாளே தவிர ஒருநாளும் கவனித்ததில்லை.

சாப்பாடு ஆனதும் லாய்சிம்மின் அம்மா கத்தியை எடுத்துப் பன்றியை வெட்டினாள். நடு உடம்பை வீட்டுக்கு வைத்துக்கொண்டாள். தலையையும் வாலையும் சிவப்புத் தாளில் சுற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். இரண்டு கரும்பில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கிளம்புங்கள் என்று விரட்டினாள். மறுவீடு வந்த பெண் தாய் வீட்டில் விளக்கு வைக்கிற வரை இருக்கக்கூடாது அல்லவா?

யுக்ஹான் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்குக் காது ஞாபகம் வந்தது. பன்றிக் காது.

அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, ஐந்தாம் மாதம் மூன்றாம் நாள் செக்தௌவிலிருந்து திரும்பும் அப்பா கையில் சிவப்புத் தாள் பொட்டலம் இருக்கும். பிரித்தால் சுட்ட பன்றித் தலையும் வாலும். முறுகலான காதைப் பிய்த்து அப்பா அவள் வாயில் வைப்பார். சமையல்கட்டுக் கதவோரம் வேரும் தோகையுமாக ஒற்றைக் கரும்பு காய்ந்துகொண்டிருக்கும். முரசுக்காரருக்குப் பங்கு போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். கேள்வி கேட்டே பிறந்தவள், வாயில் கிடந்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்தாள். ஆனால் கேட்பதில் அவசரப்படவில்லை. அம்மா சௌலான் சமையல்கட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, கூடத்தில் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். செக்தௌ போகும்போது படகில் என்னென்ன கொண்டுபோவீர்கள்? கன்தோங்குக்குப் பெருமை. கோயிலில் ஆண்களே கூடி அடுக்குகிற தட்டு அது, பழைய முரசுக்காரர் தனக்குச் சொல்லிக் கொடுத்தது, ஒரு பொருள் குறையக்கூடாது என்று ஆரம்பித்து, பன்றி, சேவலும் பெட்டையும், கரும்பு இரண்டு, கீரை, வெங்காயத்தாள் என்று விரல் மடக்கினார். அகப்பைச் சத்தம் நின்றது. சௌலான் வெளியே வந்தாள். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் தட்டு அடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "திரும்பி வரும்போது?" தலை, வால், ஒரு கரும்பு.

சௌலான் அகப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது மறுவீட்டுத் தட்டுய்யா. முப்பத்தஞ்சு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றீங்க, ஒரு தடவ தட்டுல என்ன வச்சீங்கன்னு வாயத் தொறந்தீங்களா?"

"நீ ஒரு தடவ கேட்டியா?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. கூத்தைப் பாருங்கள். படகுத் தட்டை அடுக்குவது ஆண்கள், பெண்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. கல்யாணத் தட்டை அடுக்குவது பெண்கள், ஆண்கள் அதைத் தூக்குவார்களே தவிர என்ன ஏது என்று பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் பார்க்கவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டுக் கூரைக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக இப்படியே போயிருக்கிறது.

கன்தோங் லேசில் விடவில்லை. மறுவீடு என்றால் பெண் எங்கே, அறுபது தடியன்களும் ஒரு படகும்தானே போகிறோம் என்றார். அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். திரும்பி வந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"இங்க ஒரு பொம்பள விரல் படக்கூடாது" என்றார் மெதுவாக. "அங்க போனா, கெளம்புறதுக்கு முன்னாடி லாம் வீட்டு அம்மா ஒருத்தி ஈரத்துணி எடுத்துட்டு வந்து டிராகன் மூஞ்சியத் தொடைக்கும். தாடியச் சீவி விடும். நானும் வருஷா வருஷம் பாக்கறேன். ஏன்னு கேட்டதே இல்ல. பொழுது சாயறதுக்குள்ள கெளம்புற முரசு அடிச்சிடணும். அதையும் ஏன்னு கேட்டதில்ல."

படகுதான் பெண். செக்தௌவில் பிறந்து கம்வோவுக்கு வாழ வந்த பெண். அந்தப் படகோடு நிஜமாகவே ஒரு பெண்ணும் வந்தாளோ, எந்த வீட்டுக்கு வந்தாளோ, கரையானுக்குத்தான் தெரியும். அப்படியானால் பங்காளி இல்லை, சம்பந்தி என்று யுக்ஹான் சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். நமக்கு வேண்டியபடி நாமே சொல்லிக்கொண்டால் அது சாட்சி ஆகாது, செக்தௌக்காரர்கள் வாயால் வரட்டும் என்றார். கல்நெஞ்சக்காரர். ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கே தோன்றியது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் மூன்றாம் நாள் கம்வோ பெண்கள் யாரும் செக்தௌ போவதில்லை. யுக்ஹான் போனாள். பஸ் பிடித்து, பாலம் தாண்டி, படகுக்கு முன்னாலேயே போய்ச் செக்தௌ கரையில் ஆலமரத்தடியில் நின்றாள். ஹொய்வா பக்கத்தில் வந்து நின்றான்.

வெடி வெடித்தது. முரசு கேட்டது. படகு வந்தது, சிவப்புத் துணி கட்டிய டிராகன் தலை முன்னால் ஆட, அப்பா நடுவில் நின்று அடித்தார். தட்டு இறங்கியது. ஊர்ப் பந்தலில் எழுபது மேசை போட்டுச் சாப்பாடு. வெயில் சாய ஆரம்பித்ததும் தலையும் வாலும் சிவப்புத் தாளில் திரும்பி வந்தன. துடுப்புக்காரர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீரும் துணியுமாக ஒரு பெண் படித்துறை இறங்கினாள். லாம் வீட்டுப் பெண்களில் வருடத்துக்கு ஒருத்தி முறை வைத்துச் செய்வார்கள். இந்த வருட முறை ஹொய்வாவின் அம்மாவுடையது. மகன் மேல் உள்ள கோபம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

அவள் துணியைப் பிழிந்து டிராகனின் நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். தாடியை விரலால் கோதினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

படகில் ஏறியதும், கிளம்புகிற முரசு அடிக்கும் வரை முரசுக்காரர் வாய் திறக்கக்கூடாது. இருபத்தேழு வருடத்தில் கன்தோங் திறந்ததில்லை. இன்று திறந்தார்.

"அண்ணி, என்ன சொல்றீங்க?"

அந்த அம்மா திடுக்கிட்டுப் போனாள். மனசுக்குள் சொல்ல வேண்டியது, மாமியார் சொல்லிக் கொடுத்தது, அதெல்லாம் வெளியே சொல்வதில்லை என்று தயங்கினாள். கன்தோங் முரசுக் குச்சிகளைக் கீழே வைத்தார். தயவுசெய்து சத்தமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூச்சத்தோடு டிராகனையே பார்த்துச் சொன்னாள்.

"வயிறாரச் சாப்பிட்டியா மகளே? பொழுது சாயறதுக்குள்ள உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடு. இருட்டிப் போனா அவங்க உன்னக் கோவிச்சுக்குவாங்க."

சுக்கான் பிடிக்கிறவர் பின்னாலிருந்து, அப்படின்னா இத்தனை வருஷமா நாம மாப்பிள்ளை வீடாடா, இது தெரியாம, மரியாதையான மொத மேசைய விட்டுட்டு மூணாவது மேசையில உட்கார்ந்து சாப்பிட்டோமே என்றார். படகு முழுக்கச் சிரித்தது. கரையும் சிரித்தது. சொன்ன அம்மாவே தான் சொன்னதை அப்போதுதான் காதால் கேட்டவள் போலக் கிண்ணத்தோடு நின்றாள். யுக்ஹானுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

கன்தோங் சிரிக்கவில்லை. காலடியில் இருந்த சிவப்புத் தாள் பொட்டலத்தைப் பார்த்தார். ஆலமரத்தடியில் நின்ற மகளைப் பார்த்தார். அவளுக்குப் பக்கத்தில் நின்றவனை, முதல் தடவையாக, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"சம்பந்தியம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லில் ஹொய்வாவின் அம்மா நிமிர்ந்தாள்.

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள் உங்க பையன் எங்க வீட்டுக்கு முழுப் பன்றி கொண்டுட்டு வரணும். கரும்பு வேரோட இருக்கணும். தலையையும் வாலையும் முறைப்படி நான் திருப்பிக் குடுத்துடறேன்." குச்சிகளை எடுத்துக்கொண்டார். "தலையில ஒரு காது மட்டும் இருக்காது. அது அவளுக்கு."

முரசில் ஓங்கி அடித்தார். அறுபது துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. பொழுது சாய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.